எந்த ஊர்? யாழ்ப்பாணத்தில் ஐந்து நாள்

முதலாம் நாள்: ரயில் வழியே

யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருபவரிடம் பெயரைக் கேட்பதற்கு முன்பே "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் "அங்கை எந்தப் பக்கம்?" என்று வரும். பக்கத்தையும் சொன்னால் "ஆற்றை (யாருடைய) பிள்ளை?" மூன்று கேள்வி முடிவதற்குள் உங்கள் கோயில், பள்ளிக்கூடம், சாதி, தண்ணீர் அள்ளிய கிணறு எல்லாம் கேட்டவருக்கு ஓரளவு விளங்கிவிடும். பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்பார்கள், தேத்தண்ணியும் கிடைக்கும். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்களும், சொன்ன பதில் செல்லுபடியாகாதவர்களும் இந்த நகரத்தில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். இந்த ஐந்து நாளும் அவர்கள் இருக்கும் இடங்களைப் பார்ப்போம். நல்லூரும் கோட்டையும் ஐஸ்கிறீம் கடையும் இதில் இல்லை. அவற்றுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறையப் பேர் உண்டு.

கொழும்புக் கோட்டையிலிருந்து யாழ் தேவியில் ஏறினால் ஏழு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். குளிரூட்டிய பெட்டி வசதிதான், ஆனால் இந்தப் பாதையைப் பார்க்க யன்னல் திறக்கும் வகுப்பே நல்லது. 1990 ஜூனில் நின்ற சேவை, 2014 ஒக்டோபர் 13 அன்றுதான் திரும்ப யாழ்ப்பாண நிலையம்வரை வந்தது. வவுனியா தாண்டியதும் ஓமந்தை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரை மறித்துப் பதிந்த இடம். போர் முடிந்து ஐந்தாண்டு கழிந்த 2014 ஒக்டோபரில்கூட, வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வடக்கே போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி திரும்ப வந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகு அது நீங்கியது. கோண்டாவிலில் பிறந்து கனடாக் கடவுச்சீட்டு எடுத்தவரும் தன் தாயைப் பார்க்கப் போக அந்த அனுமதிக்கு எழுதிப் போட வேண்டியிருந்தது.

கிளிநொச்சியில் இறங்குபவர்களில் கணிசமானோர் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். 1977, 1983 வன்செயல்கள் தோட்டங்களிலிருந்து துரத்தியவர்கள் வன்னியில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். அதற்கு முன்பே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 ஒக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. மீந்தவர்களுக்கு முழுக் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. இது கொழும்பு செய்தது. யாழ்ப்பாணம் தன் பங்குக்கு "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை வைத்திருந்தது. அதை இப்போதும் சந்தையில் கேட்கலாம். குறைந்து போய்விட்டது என்று சொல்பவர்கள், பெரும்பாலும் அந்தச் சொல்லால் ஒருநாளும் அழைக்கப்படாதவர்கள்.

சாவகச்சேரி கடந்து நாவற்குழி வரும்போது எழுந்து வாசலுக்கு வாருங்கள். கடல்நீரேரிக்கு மேலால் கண்டி வீதி நகரத்துக்குள் நுழைவது இங்கேதான். 1995 ஒக்டோபர் 30 மாலை, இராணுவம் நெருங்கிய நிலையில், நகரமும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய வலிகாமத்தை விட்டு உடனே வெளியேறும்படி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாலு இலட்சத்துக்கும் அதிகமானோர் மழையில், இரவில், இந்த ஒடுக்கமான வழியால் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தார்கள். சைக்கிளில் போனவர்களும் இறங்கி உருட்டத்தான் முடிந்தது. சில கிலோமீற்றரைக் கடக்க ஒரு முழு இரவு போதாமல் போனதற்குக் காரணம் எளிது: ஆள் தொகை அத்தனை, வழி ஒன்று.

அதே நாவற்குழியில் பின்னர் ஒரு திரும்புதலும் நடந்தது. 2010 ஒக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்ட சிங்களக் குடும்பங்கள், போருக்கு முன் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் நாங்கள் என்று சொல்லி, அப்போது பாழடைந்து கிடந்த யாழ் ரயில் நிலையத்தில் வந்து தங்கினார்கள். பிறகு நாவற்குழியில் அரச காணியில் குடியேறினார்கள். நகரத்தில் ஒரு காலம் சிங்கள வெதுப்பகங்களும் சிங்களப் பாடசாலையும் இருந்தது உண்மை. வந்தவர்களில் எவர் அந்தப் பழைய குடி, எவர் புதிதாகச் சேர்ந்தவர் என்பதில் சண்டை. அதைத் தீர்க்கக் கூடியது வாக்காளர் இடாப்பு, பாடசாலைப் பதிவு, வாடகைச் சீட்டு போன்ற கடதாசிகள்தான். யாழ்ப்பாணத்தில் கடதாசி தப்பிப் பிழைத்த வீடு எத்தனை?

இரண்டாம் நாள்: சோனகத் தெரு

யாழ்ப்பாண முஸ்லிம்களின் குடியிருப்பு, பஸ் நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. வெயில் ஏற முன் போவது நல்லது, வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ நேரத்தைத் தவிருங்கள். ஐந்து சந்தியில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு நடந்தால் தெருவின் அமைப்பு தானாக விளங்கும். புதுச் சுண்ணாம்பு அடித்த வீட்டுக்குப் பக்கத்தில் கூரையில்லாத சுவர், அதற்கப்பால் சுவரும் இல்லாத வெறும் நிலம். சுவருக்குள் வேர்விட்ட ஆலங்கன்று இப்போது மரம். படமெடுக்கும் ஆசை வரும், வீட்டுக்காரரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். இடிந்த வீடு ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய உறுதியில் (காணிப் பத்திரத்தில்) இருக்கிறது, பலவற்றின் மேல் தகராறும் இருக்கிறது.

1990 ஒக்டோபர் 30 அன்று இங்குள்ள முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்பது கட்டளை. வீட்டுத் திறப்பு, உறுதி, நகை எல்லாம் போனது. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவிலும் அதே மாதத்தில் வெளியேற்றப்பட்டவர்களைச் சேர்த்தால் எழுபதாயிரத்துக்கு மேல். பெரும்பாலோர் புத்தளத்தில் போய் நின்றார்கள், கிடுகுக் கொட்டிலில். 2002 ஏப்ரலில் கிளிநொச்சி ஊடகச் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒக்டோபர் 30 என்ற திகதி 1964, 1990, 1995 என்று மூன்று தடவை வந்து நிற்பது தற்செயல்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் நினைவு நாளாக ஒழுங்காகப் பேசப்படுவது கடைசி ஒன்று. நடுவில் உள்ளதை மறக்காமல் வைத்திருப்பது இந்தத் தெருவும் புத்தளமும்தான்.

திரும்பி வருவது எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கதவு திறந்துதானே இருக்கிறது, ஏன் வரவில்லை?" என்று நகரத்தில் அடிக்கடி கேட்கிறார்கள்.

முதல் இடறல் பெயர்ப் பட்டியல். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் "பழைய அகதி", அதற்குப் பின் என்றால் "புதிய அகதி". மீள்குடியேற்றம் தொடங்கியபோது நிவாரணமும் வீடும் முதலில் புதியவருக்கு. அது ஒரு வகையில் நியாயம், வன்னியிலிருந்து வந்தவர்கள் உடுத்த துணியோடு முள்வேலி முகாமிலிருந்து வந்தார்கள். ஆனால் இருபது வருடம் காத்திருந்தவர் வரிசையில் பின்னுக்குப் போனார்.

இரண்டாவது, வதிவிடம். இந்திய உதவி வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 ரூபா, நான்கு தவணையாகக் கொடுத்தார்கள், குறைந்தது 550 சதுர அடி வீடு கட்ட வேண்டியிருந்தது. அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த தவணை, சுவர் எழும்பினால்தான் அதற்கடுத்தது. இடையில் சீமெந்தும் மணலும் விலை ஏறினால் வீடு கூரை மட்டத்தில் நின்றுவிடும், மிச்சத்தைக் கடன்பட்டு முடிக்க வேண்டும். அதற்கும் முதலில் பட்டியலில் ஏற வேண்டும். பட்டியலில் ஏறக் குடும்பமாக இங்கே இருக்க வேண்டும். குடும்பமாக இருக்க வீடு வேண்டும். தகப்பன் மட்டும் வந்து கடைத் திண்ணையில் படுத்து வியாபாரம் பார்க்கிறார், பிள்ளைகள் புத்தளத்தில் படிக்கிறார்கள் என்றால், விதானையார் (கிராம அலுவலர்) கணக்கில் அது "திரும்பிய குடும்பம்" ஆகாது. புத்தளத்தில் பதிவை வெட்டினால் அங்கே பாடசாலையும் நிவாரணமும் போய்விடும். வெட்டாவிட்டால் இங்கே வாக்கும் வீடும் இல்லை. இரண்டு இடத்திலும் பதிவது சட்டப்படி குற்றம். மீள்குடியேறியவருக்கு ஆரம்பத்தில் கொடுத்த 25,000 ரூபாவுக்கு ஒரு குடும்பம் தறப்பாள், தடி, கக்கூஸ் குழி, ஒரு மாதச் சமையல் என்று கணக்குப் பார்த்தால், எத்தனை பேர் குழந்தைகளையும் கூட்டி வந்திருப்பார்கள் என்று விளங்கும்.

மூன்றாவது, கணிதம். 1990இல் போனது ஒரு குடும்பம், திரும்பி வருவது நாலு. பத்துப் பேர்ச் காணி அப்படியே இருக்கிறது. நகர எல்லைக்குள் கட்டட அனுமதிக்கு ஒரு துண்டு ஆகக் குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச் இருக்க வேண்டும். பத்தை இரண்டாகப் பிரித்தாலே ஐந்து. எனவே அண்ணனுக்கு வீடு என்றால் தம்பிமாருக்குக் காணியற்றோர் பட்டியல். காணியற்றோருக்கு வீட்டுத்திட்டம் இல்லை. பொம்மைவெளிப் பக்கம் நடந்தால் அந்தப் பட்டியலை நேரில் பார்க்கலாம். தாழ்ந்த சதுப்பு, மாரியில் முற்றத்தில் தண்ணீர் நிற்கும், நீரேரிக்கு அருகில் என்பதால் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிதண்ணீர் பவுசரில் வரும் நாளைப் பார்த்துக்கொண்டுதான் வீட்டு வேலை.

மாலையில் நாவாந்துறைச் சந்தைப் பக்கமாகத் திரும்புங்கள். மீன்காரரும் இறைச்சிக்கடைக்காரரும் அடுத்தடுத்து இருந்து பழகிய இடம். வெளியேற்றத்துக்குப் பிறகு நகரத்தில் தையலும் பழைய இரும்பும் இறைச்சியும் கை மாறின. திரும்பியவர் தன் பழைய தொழிலில் புதுப் போட்டியாளராக வந்து நின்றார். அந்தப் போட்டிக்குச் சமய நிறம் பூசுவது சுலபமான வேலை, அதைச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: வேலி, உறுதி, விதானையார்

இன்று கோண்டாவில், கொக்குவில் ஒழுங்கைகளில் சைக்கிள். நகரில் வாடகைக்குக் கிடைக்கும், பிறேக்கைப் பார்த்து எடுங்கள்.

யாழ்ப்பாணத்தின் எல்லை வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியாலை நெருக்கி நட்டு, குறுக்கே வரிச்சுக் கட்டி, கிடுகையோ பனையோலையையோ வைத்து அடைப்பார்கள். கதியால் உயிரோடு தளிர்க்கும், ஓலைதான் உக்கும். ஆதலால் மழை விட்ட பிறகு வருடாவருடம் வேலியடைப்பு. பட்ட கதியாலுக்குப் பதில் புதிதை நடும்போது நாலு விரல் அங்கால் தள்ளி நடுபவர் உண்டு. பத்து வருடத்தில் அது ஒரு முழத்துக்கு மேல். கோட்டுக்குப் போன வேலிச் சண்டைகளில் பாதி இப்படித் தொடங்கியவை.

வேலியில் பொட்டு என்று ஒன்று இருந்தது. பக்கத்து வளவுக்குப் போக ஓலையை விலக்கி வைத்த ஓட்டை. பெண்கள் ஒழுங்கைக்கு இறங்காமல் உப்பு, நெருப்பு, செய்தி எல்லாம் கொண்டுபோன வழி. ஊரடங்கிலும் சுற்றிவளைப்பிலும் உயிர் காத்த வழியும் அதுதான். வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கியதும் வேலி மதிலானது, பொட்டு அடைபட்டது. இதை நினைத்து உருகி எழுதுபவர்கள் ஒன்றைச் சொல்ல மறக்கிறார்கள்: பொட்டு எல்லா வேலியிலும் இருக்கவில்லை. சொந்தத்துக்குள்ளும் சாதிக்குள்ளும்தான் இருந்தது. கூலிக்கு வந்து வேலியடைத்தவருடைய வளவுக்கு அது ஒருநாளும் திறந்ததில்லை.

வேலிக்கு மேலே உறுதி. யாழ்ப்பாண உறுதியை முதன்முதல் கையில் எடுப்பவர் அளவில் தடுக்கி விழுவார். 18 குழி ஒரு பரப்பு, ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். பழைய உறுதியில் லாச்சம் என்று இருக்கும். வரகு லாச்சம் என்றால் 10 பேர்ச், நெல் லாச்சம் என்றால் 12.5 பேர்ச். எது என்று பார்க்காமல் விலை பேசினால் காற்பங்கு பிழைக்கும். எல்லையை இன்னார் காணி, இன்னார் காணி என்று நாலு திசைக்கும் பெயரால் எழுதியிருப்பார்கள். அந்த நாலு பேரும் செத்துப் பேரப்பிள்ளைகள் நாலு நாட்டில் இருப்பார்கள்.

உறுதி தொலைந்தவர் செய்ய வேண்டியது: காணிப் பதிவகத்தில் பெயர்ச் சுட்டியிலோ பழைய வரைபடத்திலோ இருந்து ஏட்டையும் பக்கத்தையும் கண்டுபிடித்து உறுதிப்படுத்திய பிரதி எடுப்பது, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பழைய வரைபடத்தின் மேல் இன்றைய அளவைப் பொருத்திப் பார்ப்பது, பிறகு குடியிருப்பவரோடு கதைப்பது. கதை சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை, அதற்குப் பிறகே மாவட்ட நீதிமன்றம். நீதிமன்றத்தில் தன் உரித்தை நிறுவும் சுமை வழக்காளி தலையில். எதிராளி பத்து வருடம் எதிர்ப்பின்றி ஆண்டு அனுபவித்தேன் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தைப் பிடிப்பார். துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டவருக்கு இந்தப் பத்து வருடக் கணக்கு அநியாயம் என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விட வழி செய்தது. ஆனால் வழக்குப் போடக் கொடுத்த அவகாசம் இரண்டு வருடம். புத்தளத்தில் கூலிக்குப் போகிறவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து, பிரதி எடுத்து, அளவையாளருக்குக் காசு கட்டி முடிக்க இரண்டு வருடம் எம்மாத்திரம்.

வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு வேறு முடிச்சு. பிற நாட்டுக் குடியுரிமை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கும், நெருங்கிய உறவாகச் சொத்து வந்து சேர்பவருக்கும் விலக்கு உண்டு. பங்காளி நாலு பேரில் ஒருவர் பாரிசில் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் தன் சார்பில் இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி, தூதரகத்தில் உறுதிப்படுத்தி, இங்கே பதிய வேண்டும். பதியாமல் கொண்டுவந்து, உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில் வைத்து, ஏறிய பிளேனில் திரும்பியவர்கள் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம். 1707இல் ஒல்லாந்தத் திசாவை (மாவட்ட அதிகாரி) கிளாஸ் ஐசாக்ஸ் தொகுக்க, பன்னிரண்டு முதலியார்கள் சரி பார்த்தார்கள். சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து), பங்காளிக்கு முதலில் விலை சொல்ல வேண்டிய கடமை எல்லாம் அதில் இருந்து வந்தவை. அடிமைகளுக்கென்றும் அதில் ஒரு பகுதி இருந்தது. மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்க இன்றும் கணவன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், தராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். இந்தச் சட்டம் யாருக்கு? யாழ்ப்பாணத்து வாசிகளுக்கு. யார் யாழ்ப்பாணத்து வாசி என்பதை நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு ஆராய்ந்திருக்கின்றன. "எந்த ஊர்?" என்பதைச் சட்டத்தரணி கறுப்புக் கோட்டோடு கேட்கிறார், அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குப் பிறகு கிராம அலுவலர் பணிமனை ஒன்றின் வெளியே அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். ஊரில் இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். வதிவிடச் சான்று, நற்சான்று, நிவாரணம், அடையாள அட்டை, தேர்தல் இடாப்பு, பிள்ளையின் முதலாம் வகுப்பு அனுமதி எல்லாம் இந்த மேசையில் தொடங்கும். தேடலுள்ள பாடசாலைகளில் அருகில் வசிப்போர் பிரிவுக்கு ஐந்து வருட இடாப்புப் பதிவு பார்ப்பார்கள், பழைய மாணவரின் பிள்ளைக்குத் தனிப் பங்கு இருக்கும். வன்னியிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் இரண்டிலும் அடிபடும். வாடகை வீடு எடுப்பதே லேசில்லை. "எந்த ஊர்?" முடிந்து "மச்சம் (மீன், இறைச்சி) காச்சுவீங்களோ?" என்று கேட்டால், அது சமையலறையைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. மேலும், இடாப்பில் பதிய வீட்டுக்காரர் கடிதம் தர வேண்டும் என்றதும் பலர் கையை விரிப்பார்கள். ஏன் என்று ஐந்தாம் நாளில் சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்தார் குடியேறிய பெரு நகரங்களில் ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரொறன்ரோ பெருநகரப் பகுதியில் 2021 கணக்கெடுப்பின்படி 100 பேரில் 46 பேருக்கு மேல் குடியேறியவர்கள். குடிவரவு ஆவணம் இல்லாதவருக்கும் நகரச் சேவையை மறுப்பதில்லை என்று மாநகரசபை 2013இல் முடிவெடுத்தது. பெற்றோரிடம் ஆவணம் இல்லை என்பதால் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோக் கல்விச் சட்டம் சொல்கிறது. ஆனால் நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர், எத்தனை வருடம் வரி கட்டினாலும், மாநகரசபைத் தேர்தலில்கூட வாக்களிக்க முடியாது. அங்கே பள்ளிக்கூட வாசல் திறந்து, வாக்குச் சாவடி வாசல் மூடியிருக்கிறது. இங்கே நாட்டுக் குடியுரிமை உள்ளவருக்கே ஒரு ஒழுங்கையின் பதிவுக்காக இரண்டும் மூடும். ஸ்காபரோவில் தமிழர் முதன்முதல் சந்தித்தாலும் "நீங்கள் ஊரிலை எவடம்?" என்று தொடங்குவது வேறு கதை.

நான்காம் நாள்: காங்கேசன்துறைப் பாதை

காலை ரயிலில் மல்லாகம், அங்கிருந்து அடுத்த ரயிலோ மினிபஸ்ஸோ பிடித்து மாவிட்டபுரம். இந்தத் துண்டு 2015 ஜனவரி 2 அன்று திறந்தது.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968 திருவிழாவின்போது உள்ளே போக உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட சாதியினர் வாசலில் அமர்ந்தார்கள். மறித்து நின்றவர்களுக்குத் தலைமை கொடுத்தவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். கோயில், கடை, பாடசாலை வாசலில் சாதி பார்த்து மறிப்பது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டப்படி அப்போதே குற்றம். சட்டம் வந்து பதினொரு வருடம் கழித்தும் வாசலில் உட்கார வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பேணியும் போத்தலும், மற்றவர்களுக்குக் கிளாஸ் என்று இருந்ததும் அதே காலம். சுன்னாகத்தில் 1966 ஒக்டோபர் 21 ஊர்வலத்தோடு அந்தப் போராட்டம் தெருவுக்கு வந்தது.

பிறகு 1990இல் பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயமானது. மறித்தவரும் மறிக்கப்பட்டவரும் ஒரே நாளில் வீடிழந்தார்கள். ஆனால் ஒரே மாதிரி மீளவில்லை. காணியும் படிப்பும் வெளிநாட்டுச் சொந்தமும் உள்ளவர்கள் முகாமிலிருந்து கொழும்புக்கோ கனடாவுக்கோ நகர்ந்தார்கள். மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாம்களில் இருபத்தைந்து வருடம் கழிந்தும் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் காணியில்லாத, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். முகாமுக்குப் பக்கத்து ஊர்க் கிணறுகளில் தண்ணீர் அள்ளவும் அவர்களுக்குத் தடை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எல்லாக் கிணற்றுக்கும். அடியில் தண்ணீர் ஒன்றாகத்தான் ஓடுகிறது.

வலயத்திலிருந்து காணி துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது முகாம்கள் மூடும் என்று எதிர்பார்த்தார்கள். மூடாததன் காரணத்தை உறுதி என்ற ஒரே சொல்லில் சொல்லலாம். விடுவித்த காணி உறுதிக்காரருக்குத் திரும்பியது. அவருடைய தோட்டத்தில் தலைமுறையாகக் கொட்டில் போட்டிருந்து வேலை செய்தவருக்குத் திரும்ப ஒன்றும் இருக்கவில்லை. கடற்கரை ஓரத்தவர்களுக்கு வேறு சிக்கல்: வீட்டுக் காணி விடுபட்டு, வள்ளம் விடும் கரை விடுபடாவிட்டால், ஐந்தாறு மைல் தள்ளி இன்னொருவர் கரையில் அனுமதி கேட்டுத் தொழிலுக்குப் போக வேண்டும்.

கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்கு போட்டுவிட்டுத் திரும்பலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமானது; சென்னைக்குப் பிளேன் போகிறது. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப ஓடியது. கடல் கொந்தளிக்கும் மாரியில் கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஐந்தாம் நாள்: புங்குடுதீவு

பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து கடலுக்கு நடுவே போகும் தாம்போதியால் புங்குடுதீவு. குறிக்கட்டுவான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க நிலையத்திலேயே ஏறுங்கள். நயினாதீவுக்குப் போகிற சனம் கடைசிவரை போகும். நீங்கள் நடுவில் இறங்குங்கள்.

இந்தத் தீவார் தென்னிலங்கையெங்கும் கடை வைத்திருந்தவர்கள். 1958இலும் 1977இலும் 1983இலும் கடை எரிய ஊருக்கு ஓடிவந்தவர்கள், 1991இல் ஊரை விட்டும் ஓடினார்கள். இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை பூட்டிய வீடு, தூர்ந்த கிணறு, நிலம் முழுக்க வடலி. ஊர்ச் சங்கங்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இயங்குகின்றன, கோயில்களுக்குப் புது வர்ணம் அங்கிருந்து வருகிறது. யாழ்ப்பாண மாநகரில் 1981இல் 118,000 பேருக்கு மேல் இருந்தனர், 2012இல் 88,000. யாழ் தேர்தல் மாவட்டம் 2010இல் 9 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது, 2015இல் 7, 2024இல் 6. போனவர்களின் எண்ணிக்கை ஆசனக் கணக்கில் இப்படித்தான் தெரிகிறது.

பூட்டாத வீடுகளில் பல, பராமரிப்புக்கு விடப்பட்டவை. நகரப் பக்கத்திலும் இதே வழக்கம்தான். வெளிநாட்டுக்காரரின் மாடி வீட்டுப் பின்விறாந்தையில், வன்னியிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்த குடும்பம் ஒன்று விளக்கேற்றி, முற்றம் கூட்டி, தென்னைக்குத் தண்ணீர் விட்டு இருக்கும். அவர்களுக்கு வதிவிடக் கடிதம் கொடுக்க உரிமையாளர் பயப்படுவார். கடிதம் கொடுத்தால் பத்து வருடத்தில் வீடு போய்விடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். விடயம் நேர்மாறு. உரிமையாளரின் அனுமதியோடு இருப்பவர், அந்த அனுமதியை வெளிப்படையாக முறித்து எதிராக ஆளத் தொடங்காதவரை, ஆட்சியுரிமை கோர முடியாது. எழுத்தில் அனுமதி இருந்தால் அதை நிறுவுவது சுலபம். ஒன்றும் எழுதாமல் வாய்ப்பேச்சில் விட்டவருக்குத்தான் கோட்டில் சங்கடம்.

கடிதத்தில் இவை இருந்தால் போதும்: காணியின் பெயர், உறுதி இலக்கம், பரப்பு, இன்னார் பராமரிப்பதற்காக என் அனுமதியோடு மட்டும் இருக்கிறார் என்ற வரி, தொடங்கும் திகதியும் முடியும் திகதியும், வாடகை வாங்குவதில்லை என்றால் அதுவும், ஏனென்றால் வாடகை வாங்கினால் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் உள்ளே வரலாம். இரு பக்கமும் கையெழுத்து, இரண்டு சாட்சி, வருடத்துக்கொருமுறை புதுப்பிப்பு. உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அற்றோணி பெற்றவர் கையெழுத்திடலாம், அந்தத் தத்துவத்தில் அதற்கு அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நொத்தாரிசு ஒருவரிடம் காட்டி எழுதினால் இன்னும் நல்லது. இதன் பிரதியோடு விதானையாரிடம் போனால் பராமரிப்பவரின் பெயர் இடாப்பில் ஏறும், பிள்ளையின் ஐந்து வருடக் கணக்கும் அன்று தொடங்கும்.

வெயில் தாழ இறுப்பிட்டிப் பக்கம் நடக்கலாம். தண்ணீர்ப் போத்தலை நகரிலேயே நிரப்பி வாருங்கள். திறந்திருக்கும் கடை குறைவு, கிணறு பெரும்பாலும் உவர். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். அவரும் முதலில் எந்த ஊர் என்றுதான் கேட்பார்.